கிராம கண்டகரும் 12-ஆம் பிரிவும்



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி வளர்க்கப்படாத பிள்ளை இந்த ஊரில் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல், குடவோலையில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்று ஊர்ச் சபை வெட்டிவைத்த சுவர் அது. கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, பிறர் பொருளை அபகரித்தவருக்கும் இல்லை. அதே பட்டியலில் கிராம கண்டகரும் வருகிறார். ஊருக்கு முள்ளாக இருந்தவர் என்று பொருள். அவர் பிராயச்சித்தம் செய்து சுத்தமானாலும், உயிர் உள்ளவரை அவர் பெயர் குடத்துக்குள் விழக் கூடாது என்கிறது கல்.

பொதுப்பணத்தைக் காக்க நினைத்த சபை கடுமையாக எழுதியதில் குற்றமில்லை. ஆனால், திருந்தியவனுக்கும் கதவு திறக்காதது சரியா?

இந்திய நாடாளுமன்றம் 1,037 ஆண்டுகள் கழித்து அந்தக் கதவைத் திறந்தது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் விடப்பட்டவரை, தண்டனையால் வரும் தகுதியிழப்பு தொடராது என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. சென்னை மாகாணம் இதற்கு முன்பே, 1936-இல், தனக்கென ஒரு சட்டம் இயற்றிவிட்டது. இங்கிலாந்தின் சட்டம் 1907-இல் வந்தது.

இப்படி விடும் முறையின் வேர் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளியின் கையில் இருக்கிறது. 1841-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் நின்ற ஒரு குடிகாரருக்கு அவர் தாமே ஜாமீன் நின்று அழைத்துப் போனார். மூன்று வாரத்தில் அந்த மனிதர் தெளிந்த முகத்தோடு திரும்பினார். நீதிபதி விதித்த அபராதம் ஒரே ஒரு சென்ட்.

இங்கே அந்த வேலையைச் செய்பவர் நன்னடத்தை அலுவலர். 21 வயது நிரம்பாதவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். அதற்குமுன் இவருடைய அறிக்கையைக் கேட்க வேண்டும். அலுவலர் பையனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாயிடம் பேசுவார். பையன் வேலை பார்த்த பட்டறைக்குப் போவார். பக்கத்து வீட்டில் விசாரிப்பார். அந்தப் பதில்களில் ஓர் இளைஞனின் வாழ்வு நிற்கிறது.

ஆனால், 12-ஆம் பிரிவு திறந்த கதவுக்கும் ஓர் எல்லை உண்டு. டெல்லி பால் திட்டத்தில் ஒரு காசாளர் 500 ரூபாயைக் கையாடினார். பிறகு பணத்தைக் கட்டி, குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். நீதிபதி நன்னடத்தையில் விட்டார். அலுவலகமோ வேலையைப் பறித்தது. 12-ஆம் பிரிவு வேலையைத் தானாகக் காக்காது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அந்தத் தண்டனை அளவு மீறியது என்று 1985-இல் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. அதற்குள் இருபது ஆண்டுகள் போய்விட்டன.

நன்னடத்தையில் விட, பிணை எழுதுபவருக்கோ அவருக்கு ஜாமீன் நிற்பவருக்கோ அந்த வட்டாரத்தில் நிலையான வீடோ தொழிலோ இருக்க வேண்டும். உங்களில் பலருக்கு அது இருக்கிறது. நாளை உங்கள் தெருவுக்கு நன்னடத்தை அலுவலர் வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். பையனைப் பற்றித் தெரிந்த நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முடிந்தவர்கள் ஜாமீன் நில்லுங்கள்.