சோம்பல் என்று நினைத்தோம்

(மருத்துவமனை நண்பர்களின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில், கட்டிய கட்டடத்தைப் பற்றியும் வாங்கிய கருவியைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லுவோம். இந்த முறை நாங்கள் செய்த ஒரு தவற்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அதில் நாங்கள் கற்றுக்கொண்டது உங்கள் வீட்டிலும் யாருக்காவது பயன்படக்கூடும்.

எங்கள் பெண்கள் வார்டில் ஒரு சிஸ்டர் இருக்கிறார். பெயர் வேண்டாம், ஆனால் விவரத்தைச் சொல்ல அவரே அனுமதி தந்திருக்கிறார். 11 ஆண்டுகளாக எங்களோடு பணியாற்றுகிறவர். நோயாளி கூப்பிடும் முன்பே கட்டிலருகே நிற்பார். காலை ஜெபத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவர்தான்.

அப்படிப்பட்டவர் மெல்ல மெல்ல மாறினார். டியூட்டிக்குத் தாமதமாக வரத் தொடங்கினார். மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு, எடுக்கப்போன மருந்து எது என்று மறந்து நின்றார். இரவு டியூட்டியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தார். முகம் உப்பியிருந்தது; "நன்றாகச் சாப்பிடுகிறீர்கள் போலிருக்கிறது" என்று கேலி செய்தோம். சித்திரை மாத வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி மற்றவர்களோடு தகராறு. பாட்டு எடுத்துக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். கேட்டபோது "தொண்டை கட்டியிருக்கிறது" என்றார். தொண்டைக்கட்டு 6 மாதமாகவா இருக்கும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவருக்கு மெமோ கொடுத்தோம். "வேலையில் அக்கறைக் குறைவு" என்று அதில் எழுதியிருந்தோம்.

உண்மையைக் கண்டுபிடித்தது அனுபவமிக்க டாக்டர் அல்ல. புதிதாக வந்திருந்த பயிற்சி மாணவர் ஒருவர், சிறிய ரப்பர் சுத்தியலால் நரம்பு அனிச்சைச் செயலைப் பரிசோதிக்கப் பழகிக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் இந்தச் சிஸ்டரை முழங்காலிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் தட்டிப் பார்த்தார். பாதம் சட்டென்று அசைந்தது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுத்தது. மறுபடியும் தட்டினார், அப்படியேதான். "சிஸ்டர், உங்களுக்குத் தைராய்டு பார்த்தீர்களா?" என்று கேட்டார். அன்றே இரத்தம் எடுக்கப்பட்டது. பெரியவர்களுக்குச் சுமார் 4-க்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். அளவு அவருக்கு 100-ஐத் தாண்டியிருந்தது. நாள்தோறும் நூறு நோயாளிகளைப் பார்க்கிற நாங்கள், எங்கள் பக்கத்தில் நின்ற நோயாளியைப் பார்க்கவில்லை.

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ள சிறிய சுரப்பி. இது சுரக்கும் தைராக்ஸின் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் சென்று, எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் அடுப்பை சிம்மில் வைத்தது போல எல்லாமே மெதுவாகிவிடும். இருதயத் துடிப்பு குறையும். குடல் மெதுவாக இயங்குவதால் மலச்சிக்கல் வரும். உடல் சூடு குறைவதால் குளிரும். தோல் வறளும், முடி கொட்டும், குரல் கரகரக்கும், மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமாகும். மனமும் மந்தமாகி, துக்கம் பிடித்தது போல் இருக்கும்.

டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு குறைவாக வேலை செய்தால் இந்த அளவு ஏன் கூடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். வேலை நடக்காத இடத்தில் மேஸ்திரியின் சத்தம் கூடும் அல்லவா? அதுபோலத்தான். வேலை சரியாக நடந்தால் சத்தமும் தணியும்.

இது அபூர்வமான நோய் அல்ல. சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்து, 2013-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 100 பேரில் 11 பேருக்குத் தைராய்டு குறைவு காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தைராய்டைத் தாக்கி அழிப்பது முக்கியக் காரணம். இதை 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்தார். தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின்பும், சில மருந்துகளாலும், அயோடின் பற்றாக்குறையாலும் இது வரலாம். ஆகவே அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தியால் சுரப்பி கெட்டுப்போனவர்கள் கூடுதலாக அயோடின் சேர்ப்பதால் அது சரியாகாது. சில வேளை மோசமாகவும் கூடும்.

சிகிச்சையின் வரலாறு வியப்பானது. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற மருத்துவர், இந்நோயால் முற்றிலும் தளர்ந்திருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகச் செலுத்தினார். அந்தப் பெண் எழுந்து நடமாடினார். 1919 வரை, இன்னும் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அதற்காக 800-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் அது ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கப்பட்டது. இன்று அது சிறிய மாத்திரையாக, ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. சுரப்பி தரவேண்டியதையே மாத்திரை தருகிறது.

எங்கள் சிஸ்டருக்கும் அந்த மாத்திரையை ஆரம்பித்தோம். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். இங்கேதான் எங்கள் இரண்டாவது தவறு.

6 வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். கொஞ்சம்தான் இறங்கியிருந்தது. மருந்தின் அளவைக் கூட்டினோம். மறுபடியும் 6 வாரம். மறுபடியும் அதே கதை. "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம். அவர் கண் கலங்கியதுதான் மிச்சம். மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அம்மாதான் வேறு விதமாகக் கேட்டார்: "எப்படிம்மா சாப்பிடுறீங்க?" சிஸ்டருக்கு இரத்தசோகையும் இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையும், கூடவே கால்சியமும் கொடுத்திருந்தோம். மூன்றையும் காலையில் காபியோடு ஒரே வாயாக விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்றையும் எழுதிக் கொடுத்தது நாங்கள். சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்று சொல்லாததும் நாங்கள். இரும்பும் கால்சியமும் தைராக்ஸினைப் பிடித்துக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். காபியும் அதைத் தடுக்கும்.

மாத்திரைகளின் நேரத்தைப் பிரித்தோம். கூட்டியிருந்த அளவைக் குறைத்தோம். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். சரியான அளவுக்கு வந்துவிட்டது.

ஆகவே இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சில காரியங்களைக் கவனமாய்க் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலாவது, காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் சாப்பிடுங்கள். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபியோ உணவோ வேண்டாம். நம் ஊரில் காபிக்காகக் காத்திருப்பது ஒரு தவம் என்பது எங்களுக்கும் தெரியும். முடியாதவர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு, இரவு உணவு முடிந்து 3 மணி நேரத்திற்குப் பின் படுக்கப் போகும்போது சாப்பிடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும்.

இரண்டாவது, இரும்புச்சத்து, கால்சியம், சில வகை அல்சர் மருந்துகள் ஆகியவற்றுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

மூன்றாவது, அளவு மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த மருந்தின் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகவே அவசரப்பட்டுப் பார்த்தால் சரியான விடை கிடைக்காது. அளவு நிலைத்த பின் ஆண்டுக்கு ஒருமுறை போதும். முடி வளர்வதற்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். அது விடையைத் தவறாகக் காட்டக்கூடும்.

நான்காவது, நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். சீக்கிரம் பலம் வரும் என்று இரண்டு மாத்திரை சாப்பிட்டால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். அளவு மீறினால் இருதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். முதியவர்களுக்கும் இருதய நோயுள்ளவர்களுக்கும் மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாகவே கூட்ட வேண்டும்.

ஐந்தாவது, சுகமாகிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். சுகமாயிருப்பது மாத்திரையினால்தான். பெரும்பாலோருக்கு இது ஆயுள் முழுவதும் தேவை.

ஆறாவது, கருவுற்ற பெண்கள் இதை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் நிறுத்தச் சொல்லி, பயந்துபோய் நிறுத்திவிட்டு வருகிற பெண்களை நாங்கள் பார்க்கிறோம். உண்மை நேர் எதிரானது. முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸினே ஆதாரம். அப்போது மருந்தின் தேவை கூடத்தான் செய்யும். நாள் தள்ளிப்போனது தெரிந்தவுடனே டாக்டரைப் பாருங்கள். பிறந்த குழந்தைக்கும் குதிகாலில் சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிறவியிலேயே குறை இருந்தால், இரண்டு வாரத்திற்குள் சிகிச்சை தொடங்கினால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படாமல் காக்கலாம்.

பலம் எப்போது திரும்பும் என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஒரே நாளில் அல்ல. இரண்டு, மூன்று வாரத்தில் கொஞ்சம் தெளிவு தெரியும். முழுமையாகத் தேற மாதங்கள் ஆகும். முடியும் தோலும் கடைசியாகத்தான் தேறும். எடை வெகுவாகக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்நோயால் கூடும் எடையில் பெரும்பகுதி உப்பும் நீரும்தான். அது மட்டுமே இறங்கும்.

எங்கள் சிஸ்டருக்கு முதல் மாதத்தில் வார்டின் இரண்டு முனைகளுக்கும் நடப்பதே பெரிய காரியமாக இருந்தது. தினம் 10 நிமிடம் நடக்கச் சொன்னோம். வாரா வாரம் சிறிது கூட்டினார். பருப்பு, முட்டை, கீரை சேர்த்துக்கொண்டார். வேகவைத்த முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் அளவோடு சாப்பிடுவதில் பயம் இல்லை. இரவு டியூட்டியிலிருந்து 3 மாதம் அவருக்கு விலக்கு அளித்தோம். முன்பே செய்திருக்க வேண்டியது அது.

டி.எஸ்.எச். சரியான பின்பும் சோர்வு நீங்காவிட்டால், மாத்திரையைக் கூட்டுவது வழியல்ல. இரத்தசோகை, சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றில் எது காரணம் என்று தேட வேண்டும். எங்கள் சிஸ்டருக்கு இரத்தசோகை தீர்ந்த பிறகே பழைய நடை திரும்பியது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். இந்நோயுள்ள முதியவர் மாத்திரையை விட்டுவிட்ட நிலையில், உடல் சில்லிட்டு, எழுப்ப முடியாத மயக்கத்தில் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.

நண்பர்களே, அந்த மெமோவை அவருடைய கோப்பிலிருந்து எடுத்துவிட்டோம். எடுத்தால் மட்டும் போதாது என்று, அதை எழுதியவர்களே நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். "எனக்கே நான் சோம்பேறியாகிவிட்டேன் என்றுதான் தோன்றியது" என்றார் அவர். அந்த வார்த்தை எங்களை மிகவும் வருத்தியது. பிறர் சொல்லிச் சொல்லி, நோயாளியே அதை நம்பிவிடுகிறார்.

உங்கள் வீட்டில், சபையில், அலுவலகத்தில் இப்படி மெல்ல மாறிப்போன ஒருவர் இருக்கலாம். முன்பு சுறுசுறுப்பாயிருந்த மருமகளாக இருக்கலாம். வயதாகிவிட்டது என்று நாம் விட்டுவிட்ட தாயாராகவும் இருக்கலாம். சோம்பல் என்று சொல்லும் முன், ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போன மாதம் ஒரு காலை ஜெபத்தில் யார் பாட்டு எடுத்துக் கொடுப்பது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து அந்தப் பழைய குரல் கேட்டது. அன்று எங்களில் பலரால் உடனே சேர்ந்து பாட முடியவில்லை.