மழைக்காலத்தில் படகு வாசம்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படகிலேயே குடியிருந்து பிரயாணம் செய்த அனுபவத்தைப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். கனடாவில் வான்கூவர் நகரில் வசிக்கும் என் மாப்பிள்ளையிடம் 36 அடி நீளப் படகு ஒன்று இருந்தது. 2016 அக்டோபரில் நான், என் பெண், மாப்பிள்ளை மூவரும் இரண்டு வாரம் அதில் வாசம் செய்தோம். சமையல், படுக்கை, ஸந்தியாவந்தனம் எல்லாம் அதிலேயே.

அந்தக் கரையோரத்தில் வான்கூவர் தீவு அரண்போல நின்று பெருங்கடல் அலையைத் தடுக்கிறது. தீவுகளுக்கும் மலைகளுக்கும் நடுவே அலாஸ்கா வரை செல்லும் நீர்வழிக்கு 'இன்சைட் பாசேஜ்' என்று பெயர். பசிபிக் கடலின் ஈரக்காற்று மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது; நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பதேதான். ஆனால் அங்கே மழையோடு குளிரும் சேர்ந்து வருகிறது. 1792-ல் இந்தக் கரையை அளந்த ஜார்ஜ் வான்கூவர், ஓர் இடத்துக்கு 'டெசலேஷன் சவுண்ட்' என்று பெயர் வைத்தார். ஆளரவமற்ற, மனம் வெறுத்துப்போகும் இடம் என்று அர்த்தம்.

அங்கே நாம் நினைத்தபோது கிளம்ப முடியாது. ஸேமூர் நாரோஸ் என்ற குறுகலான ஜலசந்தியில் நீரோட்டம் மணிக்கு 28 கி.மீ. வரை வரும். எங்கள் படகின் வேகமோ 13 கி.மீ.தான். நடுவே இருந்த 'ரிப்பிள் ராக்' என்ற பாறை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருக்கிறது. 1958 ஏப்ரல் 5-ல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறை போனாலும் நீரோட்டம் போகவில்லை. கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, ஜலம் அசையாமல் நிற்கும் சில நிமிஷங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். காற்று பலமானால் நங்கூரம் பாய்ச்சிவிட்டு இரண்டு நாள் கூட உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும்.

அப்படி அடைந்து கிடக்கும்போதுதான் ஒரு விஷயம் புரிந்தது. படகில் நம்மை வாட்டும் ஈரம் மழையிலிருந்து வருவதல்ல, நாமே உண்டாக்குவது. ஒருவர் தூங்கும்போது மூச்சிலும் வேர்வையிலுமாக ஒரு ராத்திரிக்குச் சுமார் கால் லிட்டர் ஜலம் வெளியேறுகிறது. ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் நீராவி வரும். ரசாயனக் கணக்கு அது. ஐஸ் ஜலம் விட்ட எவர்சில்வர் டம்ளர் வெளியே வேர்ப்பது போல, குளிர்ந்த படகின் சுவர் உள்ளே வேர்க்கிறது. மெத்தையின் அடிப்பக்கம் நனைந்து, துணி பூசணம் பூக்கிறது.

முதல் நாளே என் பெண், "அப்பா, குளிர்றதுன்னு அந்தக் காற்று துவாரத்தை மட்டும் மூடிடாதேங்கோ" என்றாள். மழைக்காற்றை உள்ளே விட்டால் ஈரம் அதிகமாகாதா என்று பலரும் கேட்பார்கள். ஆகாது. 8 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 8 கிராம். 20 டிகிரியில் 17 கிராம். மழைக்காற்று உள்ளே வந்து சூடானால், தான் தாங்கக்கூடியதில் பாதி ஈரம்தான் அதில் இருக்கும். மீதிப் பாதிக்கு அறையில் உள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். ஆகவே கொட்டும் மழையிலும் துவாரம் திறந்திருக்க வேண்டும். கணப்பும் எரிய வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

கணப்பின் புகையும் குழாய் வழியாக வெளியே போயாக வேண்டும். மூடிய இடத்தில் நெருப்பு எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல் வரும்; படகில் இருப்பவர்கள் கடல் மயக்கம் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். சிலர் எழுந்திருப்பதில்லை. எங்கள் படகில் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை மணி படுக்கையருகே இருந்தது.

நம்மில் யாரும் படகில் குடியிருக்கப் போவதில்லை. ஆனால் டில்லியிலும் கான்பூரிலும் தை மாதக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அங்கீட்டி வைத்துக்கொள்கிறார்கள். புணேயிலும் பெங்களூரிலும் சின்ன குளியலறைக்குள் காஸ் கீசர் இருக்கிறது. இவற்றால் நம் நாட்டில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. அந்தப் படகு அறைக்கும் இந்தக் குளியலறைக்கும் வித்தியாசமில்லை.

ஆகவே அங்கத்தினர்கள் ஒன்று செய்ய வேண்டும். காஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள். அதன் புகை வீட்டுக்குள் தங்காமல் குழாய் வழியாக வெளியேறட்டும். அதுவரை ஜன்னலைத் திறந்து வைத்து வாளியில் ஜலம் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்த பிறகு குளியுங்கள். அங்கீட்டியைப் படுக்கும் அறையில் வைக்கவே வேண்டாம். தனியாக இருக்கும் வயோதிகர்கள் வீட்டில் இதைப் பிள்ளைகள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம். காற்றுக்கு மாற்று கிடையாது.