பெயர்த்து நட்ட வீடுகளும் பேசிய மொழியும்

(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழங்கால வாழ்வை மீண்டும் எழுப்பிக் காட்டும் காட்சியகங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். கண்ணாடிப் பேழைக்குள் பானையையும் வாளையும் அடுக்கிவைக்கும் அருங்காட்சியகங்களை நாம் அறிவோம். நான் சொல்ல வந்தவை வேறு வகையின. அங்கே வீடே காட்சிப்பொருள். அடுப்பில் நெருப்பு எரியும். கொல்லன் துருத்தி ஊதுவான். அக்கால உடையுடுத்த ஒருத்தி நூல் நூற்றுக்கொண்டே நம் வினாவிற்கு விடை சொல்வாள்.

இவ்வகைக்குப் பெரிதும் வழிகாட்டியவர் சுவீடன் நாட்டு ஆர்த்தூர் ஆசேலியசு. ஆலைகள் பெருகப் பெருகச் சிற்றூர் வாழ்வு அழிந்துபோவதைக் கண்டு நெஞ்சம் பொறாமல், பல பகுதிகளிலிருந்தும் உழவர் வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து, 1891-இல் இசுடாக்கோம் நகரில் இசுகான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தைத் திறந்தார். பிற நாடுகளில் பின்னர் எழுந்தவற்றுள் பல அதன் வழிவந்தவையே.

கட்டப்பட்ட வீட்டை எப்படிப் பெயர்ப்பார்கள்? முதலில் அளந்து வரைவார்கள். பிறகு கல்லுக்கும் உத்தரத்திற்கும் எண்ணிட்டுப் பிரித்து, புதிய இடத்தில் அதே அடைவில் அடுக்கிக் கட்டுவார்கள். இதைச் செய்வதற்குக் கைத்திறம் போதும். ஆனால், எவருடைய வீட்டைப் பெயர்ப்பது, அவ்வீட்டில் எவரைப் பேசவிடுவது என்னும் வினாக்களுக்குக் கைத்திறம் விடை சொல்லாது.

அமெரிக்காவின் விர்சீனியாவில் வில்லியம்சுபர்க்கு என்றோர் ஊர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தலைநகராய் இருந்த அதனை, 1926 முதல் இளைய இராக்பெல்லரின் பெருஞ்செல்வத்தைக் கொண்டு பழைய வடிவில் மீட்டெழுப்பினார்கள். பிற்காலக் கட்டடங்களை இடித்தார்கள்; சன்னலின் வண்ணம் வரைக்கும் ஆய்ந்து பூசினார்கள். ஆனால் அந்நாளில் அவ்வூர் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கறுப்பினத்தார்; அவர்களிற் பெரும்பாலார் அடிமைகள். அவர்தம் வாழ்வை அவ்வினத்தாரே நடித்துக் காட்டும் முறை 1979-இல்தான் தொடங்கிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சுவரின் வண்ணத்தில் பிழையில்லை. ஊரில் மட்டும் பாதி மக்களைக் காணவில்லை! 1994-இல் அடிமைகளைக் கூவி விற்ற கொடுமையை நடித்துக் காட்டியபோது, கறுப்பினத்தாரின் உரிமைக் கழகத்தாரே எதிர்த்தனர். துயரத்தை வேடிக்கையாக்கலாமா என்பது அவர்கள் வினா. மறைத்தாலும் குற்றம், காட்டினாலும் தீங்கு என்னும் இடர் இத்தொழிலில் என்றும் உண்டு.

இனி வேல்சு நாட்டிற்கு வருவோம். நமக்கு நெருக்கமான செய்தி அங்கேதான் இருக்கிறது.

வேல்சு, பிரித்தானியத் தீவின் மேற்கில் உள்ள சிறு நாடு. தனக்கெனத் தொன்மொழி உடையது. 1536-ஆம் ஆண்டின் சட்டம் அறமன்றங்களிலிருந்தும் அரசுப் பணிகளிலிருந்தும் அம்மொழியை வெளியேற்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ, பள்ளிகள் சிலவற்றில் தாய்மொழி பேசிய சிறுவனின் கழுத்தில் மரக்கட்டை ஒன்றை மாட்டினார்கள். அடுத்துப் பேசி அகப்படுபவன் கழுத்திற்கு அக்கட்டை மாறும். இறுதியில் எவன் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. சிறுவனையே சிறுவனுக்கு ஒற்றனாக்கிய ஏற்பாடு!

அந்நாட்டின் தலைநகரான கார்டிப்பை அடுத்த செயின்ட் பேகன்சில் 1948-இல் நாட்டுப்புற வாழ்வியல் காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் முதற் காப்பாளர் அயோர்வெர்த்து பீட். தச்சர் குடியிற் பிறந்தவர்; வேல்சு மொழிப் பாவலர்; நாட்டு வீடுகளைப் பற்றி நூல் எழுதியவர். வீட்டைக் கொணர்ந்து அதன் பேச்சை விட்டுவிடலாகாது என்பதில் அக்காட்சியகத்தார் தெளிவாயிருந்தனர். 1950-களின் இறுதி முதல் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊரூராகச் சென்று, உழவரிடமும் கைவினைஞரிடமும் அமர்ந்து, அவர்களின் வட்டார வழக்கையும் தொழிற்சொல்லையும் பாட்டையும் பதிந்தனர். ஆயிரக்கணக்கான பதிவுகள் இன்றும் அங்கே உள்ளன. ஏர் கிடைத்தால் போதாது. ஏரின் ஒவ்வோர் உறுப்பையும் அதனைப் பிடித்தவன் என்ன சொல்லி அழைத்தான் என்பதும் வேண்டும் அல்லவா?

ஆயினும், நாம் போற்றும் அப்பெருமகனாரின் பார்வையிலும் ஒரு குறை இருந்தது. உழவர் வாழ்வே உண்மையான வேல்சு என்று அவர் கருதினார். நிலக்கரியும் இரும்பும் தோண்டிய பள்ளத்தாக்குகளின் பாட்டாளி மக்களுக்குக் காட்சியகத்தில் நெடுங்காலம் உரிய இடமில்லை. மொழிப்பற்று உடையார் உழைப்பாளியை மறந்த இக்குறையை நாம் நம்மிடத்தும் தேடிப் பார்க்கலாம்.

அக்குறை 1987-இல் ஓரளவு தீர்ந்தது. மெர்த்தர் டிட்வில் என்னும் இரும்பாலை நகரின் இரிடகார் பகுதியிலிருந்து, 1800-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் வரிசை வீடுகள் ஆறு செயின்ட் பேகன்சில் மீண்டும் எழுந்தன. ஆறும் ஒரே அளவின. ஆனால் முதல் வீடு 1805-ஆம் ஆண்டின் கோலத்தில் இருக்கும். அடுத்தவை முறையே 1855, 1895, 1925, 1955, 1985. ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயிலுக்கு நடப்பதற்குள் ஒரு தலைமுறையோ இரண்டோ கடந்துவிடும். வெறுமையான அறையில் தொடங்கி, தட்டுமுட்டுகள் மெல்லமெல்லப் பெருகி, கடைசி வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரிவது இது. தெரியாதது ஒன்றுண்டு. அதே தலைமுறைகளில்தான் மெர்த்தரின் தெருக்களில் வேல்சு மொழி தேய்ந்து ஆங்கிலம் ஓங்கிற்று. 1805-ஆம் ஆண்டு வீட்டில் தாய் எம்மொழியில் தாலாட்டினாள், 1955-ஆம் ஆண்டு வீட்டில் பிள்ளை எம்மொழியில் விடை சொன்னான் என்பதை நாற்காலியும் அடுப்பும் சொல்லமாட்டா. நாடு முழுமைக்கும் கணக்கைப் பாருங்கள்: 1911-இல் அம்மொழி பேசியோர் நூற்றுக்கு நாற்பத்து மூவருக்குச் சற்று மேல்; 2021-இல் பதினெண்மரினும் சற்றுக் குறைவு. இடையில் 1967, 1993, 2011 ஆகிய ஆண்டுகளில் மொழிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. வேல்சு வழிப் பள்ளிகள் பெருகின. அவையின்றேல் இவ்வளவும் எஞ்சியிருக்குமா?

நம் நாட்டிலும் இவ்வகைக் காட்சியகம் ஒன்றுண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்திரா. பெயரில் தமிழில்லை, வீடுகளில் உண்டு. செட்டிநாட்டு வணிகர் வீடு அங்கே நிற்கிறது. நெசவாளர் வீடும் நிற்கிறது. போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தறிமுன் நிற்கையில் அவர்களிடம் கேளுங்கள்: பாவு எது, ஊடை எது, படமரம் எது? பிள்ளைகள் விழிப்பார்கள். நம்மிலும் பாதிப்பேர் விழிப்போம்!

ஆகையால் இம்மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள். தறி நிறுத்திய முதியவர், செக்கு ஆட்டியவர், ஏற்றம் இறைத்தவர் எனத் தெருவிற்கு ஒருவரேனும் இன்னும் இருப்பர். குரலைப் பதியும் கருவி இன்று நம் சட்டைப்பையிலேயே கைப்பேசியாய்க் கிடக்கிறது. அடுத்த கூட்டத்திற்கு வருமுன் அத்தகைய ஒருவரிடம் ஒரு மணிநேரம் அமருங்கள். அவர் கருவியின் உறுப்புகளை அவர் வாயாலேயே ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லச் செய்து பதிந்து வாருங்கள். எந்த ஊர், எத்தனை அகவை, என்ன தொழில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதி அடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.