குடிசைப் பகுதியில் ஊழியம் செய்வோர் படிக்க வேண்டியவை

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் என் இல்லம் வந்தார். சென்னையின் குடிசைப் பகுதி ஒன்றில் திருச்சபையின் சார்பில் ஊழியம் செய்யப் போவதாகக் கூறி, “ஐயா, போகுமுன் நான் எவற்றைப் படிக்க வேண்டும்?” என்று வினவினார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நம் சங்கத்தில் பல சமயத்தினரும் உளர். தொண்டு அனைவர்க்கும் பொதுவாதலின், இவ்வுரையும் அனைவர்க்கும் பயன்படும் என நம்புகிறேன்.

முதலாவது, வேதாகமத்தையே மறுபடியும் படியுங்கள். நெகேமியாவின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். இடிந்து கிடந்த எருசலேமுக்கு வந்த அவர் உடனே பேசத் தொடங்கவில்லை. மூன்று நாள் தங்கி, இரவில் எழுந்து, மதிலைச் சுற்றிப் பார்த்தார். அதன் பின்னரே மக்களிடம் பேசினார். முதலில் காண்பது, பிறகு பேசுவது: ஊழியனுக்கு இதுவே முதற்பாடம்.

இரண்டாவது, நம்மவர் எழுதியவற்றைப் படியுங்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். ஆகவே, யாரேனும் வந்து விழிப்பூட்டட்டும் என்று நம் மக்கள் காத்திருந்தவர் அல்லர். பண்டிதரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி 1999இல் வெளியிட்டது. பண்டிதர் பௌத்தம் தழுவியவர். கிறிஸ்தவருக்குள் சாதி நிலைத்ததைக் கண்டித்தவர். 1992இல் வெளிவந்த ‘கருக்கு’ நூலில் பாமா, கன்னியர் மடத்தில் சேர்ந்து பின்னர் வெளியேறிய தம் வாழ்க்கையை எழுதியுள்ளார். இவை கசக்கும். ஆயினும் மருந்தெனக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, சட்டத்தைப் படியுங்கள். 1950ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதியினர் ஆணை முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்கே உரியதாக இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. அதனால் ஒரே தெருவில், ஒரே குலத்தில் பிறந்த இரு பிள்ளைகளில் ஒருவனுக்கு ஆதிதிராவிடர் சான்றிதழ் கிடைக்கிறது. மற்றவன் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறான். இதனை அறியாதவர் அம்மாணவனுக்கு எவ்வாறு வழிகாட்ட இயலும்?

இன்னொன்றும் கேளுங்கள். கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. கழிவுநீர்க் குழியில் மாண்டவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. அத்தகைய துக்க வீட்டில் ஜெபித்து, அரிசி கொடுத்துத் திரும்புவதும் அன்புதான். ஆனால் இந்தத் தீர்ப்பை அறிந்த ஊழியன், அந்த விதவைக்கு உரியதைக் கேட்டுப் பெற உடன் நிற்பான். பிச்சையாகப் பெறுவதற்கும் உரிமையாகப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு அவ்வீட்டுப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடப்பதில் தெரியும்.

நான்காவது, செல்லும் இடத்தின் வரலாற்றைப் படியுங்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. அதன் சட்டம் 1971இல் வந்தது. 2021இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கூவக் கரையிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகரின் ஓரத்திலுள்ள கண்ணகி நகர் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வீடு கிடைத்தது; வேலையும் பள்ளியும் தூரமாயின. அக்குடும்பங்களுள் நம் வட்டாரத்தை விட்டுப் பிழைக்கப் போனோரும் இருக்கக்கூடும். அவர்களிடம், “எந்த ஊர்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் வரலாறு எந்த நூலிலும் இல்லாததாக இருக்கலாம்.

என் மாணவரிடம் இறுதியாகச் சொன்னேன்: “கொடுக்கச் செல்கிறேன் என்று எண்ணாதே, கற்கச் செல்கிறேன் என்று எண்ணு.” இவ்வெள்ளிவிழாவின் நினைவாக இந்நூல்களையும் சட்டங்களையும் சங்க நூலகத்தில் வாங்கி வைக்குமாறு பொறுப்பாளர்களை வேண்டுகிறேன். இளைஞர்களே, அவற்றைப் படிக்கும் கடமை உங்களுடையது.