பெட்டகத்துக் கடிதங்கள்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பழம்பொருள் என்றவுடன் அளவெட்டியாருக்கு அயலூராகிய கந்தரோடையே நினைவுக்கு வரும். 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் அவ்விடத்து நாணயங்களைப் பற்றி எழுதினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்து அகழ்ந்தனர். அது நிற்க. மண்வெட்டி வேண்டாத ஒரு புதையலைப் பற்றிப் பேசவே எழுந்தேன். அது போர்க்காலக் கடிதம்.

முதலாம் உலக யுத்தத்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டனர். பலருக்கு எழுத்து வாசனை இல்லை. எழுதத் தெரிந்த தோழனைப் பிடித்து வீட்டுக்குக் கடிதம் எழுதுவித்தார்கள். தணிக்கை அதிகாரிகள் அவற்றைப் பிரித்துப் படித்து, சில பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினர். சிப்பாயும் இலேசுப்பட்டவனல்லன்! கறுப்பு மிளகு என்றால் இந்தியப் படை, சிவப்பு மிளகு என்றால் வெள்ளையர் படை என்று குறிவைத்து, சரக்குக் கணக்குப் போல எழுதினான். தணிக்கையாளர் அதையும் கண்டுகொண்டனர். இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருப்பவை அந்த ஆங்கில அறிக்கைகளே. மூலக் கடிதங்களுட் பெரும்பாலானவை மறைந்தன. தாய்க்கு மகன் தன் பாஷையில் எந்தச் சொல்லை வைத்து எழுதினான் என்பதை இனி யார் அறிவார்? வேவு பார்க்கச் செய்த மொழிபெயர்ப்பு மிஞ்சிற்று. அன்பினால் எழுதியது போயிற்று.

நம்மவர் கதை மலாயாவில் இருக்கிறது. புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார் எத்தனை பேர்! 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் வழக்கமான தபாலும் காசுக்கட்டளையும் நின்றன. 1945இல் யப்பானியர் சரணடைந்தபின் வந்த முதற் கடிதந்தான் உயிரோடிருப்பவர் யார், மாண்டவர் யார் என்று சொல்லிற்று. படைவீரன் எழுதாவிடினும் அதுவும் போர்க் கடிதமே. மலாயன் பென்சனியர் வீடுகளில் வாழைமரம் அச்சிட்ட யப்பானிய நோட்டுக்கூட அகப்படலாம். ஆனால் 415 கிலோமீற்றர் நீளமான சயாம்–பர்மா இருப்புப் பாதையில் ஆயிரக்கணக்கில் மடிந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் கடிதத்தை எங்கே தேடுவது? குமாஸ்தாவின் துயரம் தாளில் ஏறிற்று; கூலியின் துயரம் ஏறவில்லை. கடிதம் மட்டுமே சரித்திரம் என்று மயங்காதிருப்போமாக.

நம்மிடம் இருந்தவையும் குறைந்துவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தவர் இடம்பெயர்ந்தபோது பெட்டகத்தைத் தலையில் வைத்தா நடந்தார்கள்? எஞ்சியவற்றுக்குக் கறையான் காத்திருக்கிறது.

ஆகவே இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம். கடிதத்தைக் கேட்டு வாங்கவேண்டாம். படம் பிடிக்க அனுமதி கேட்டால் போதும். உறையை எறியவிடாதீர்கள், தபால் முத்திரையும் தணிக்கை முத்திரையும் அதில்தான் இருக்கும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுவது உபகாரமன்று, கொலை! எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதை வீட்டுப் பெரியவர் சொல்லும்போதே வேறு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். பிரதிகள் ஓரிடத்தில் மாத்திரம் இருத்தலாகாது; 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கும் ஒன்று போகட்டும்.

நம் காலத்துப் போரின் கடிதங்களும் சில வீடுகளில் உண்டு. அவற்றை நாமாகக் கேளாதிருப்பதே முறை. தாயார் தாமாக எடுத்துக் காட்டினால் இருந்து கேளுங்கள். படம் வேண்டாம் என்றால் வேண்டாம். தந்த தேநீரைக் குடித்துவிட்டு வாருங்கள்.