தலையெழுத்தா, கடிகாரமா?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியது)



பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கங்களில் இரவு விசைத்தறி ஓட்டிப் பகலில் கல்லூரி செல்லும் பிள்ளை தேர்வில் தவறினால், "அவன் தலையில் படிப்பு எழுதவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். தலையெழுத்தைப் பார்க்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்!

நாளுக்கு 24 மணி. தறி ஷிப்டு 12, கல்லூரி 5, பஸ் 2. மிச்சம் 5 மணி. இதில் தூங்குவதா, உண்பதா, படிப்பதா? எந்தப் புத்திசாலிதான் தேறுவான்?

1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. கல்லூரி பக்கத்தில் வந்தும், படிக்க நேரமில்லையென்றால் என்ன பிரயோஜனம்?

வேலையை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடுப்பெரியாத வீட்டில் அது வெறும் உபதேசமேயாகும். முழு ஷிப்டை விட்டு, தார் சுற்றுவது, கடைக்கணக்கு எழுதுவது என்று 4 மணி வேலையோடு நிறுத்துங்கள். கூலி குறையும், வாஸ்தவந்தான். ஆனால் மிச்சம் 13 மணியாகும். 7 மணி தூங்கி, 3 மணி படிக்கலாமே! தறிக்காரரிடம் முன்பணம் வாங்காதீர்கள். அது உங்கள் நேரத்தையே அடகு வைப்பதாகும்.

அரசுப் பள்ளியில் படித்தோருக்கென்று புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், தமிழ்ப் புதல்வன் 2024-இலும் தொடங்கப்பட்டன. அந்த மாதம் 1000 ரூபாயைப் புத்தகத்துக்கு வையுங்கள்.

பெண்ணுக்கோ தறியோடு அடுப்பும் சேருகிறது. அடுப்படி வேலையில் அண்ணன் தம்பிமார் பங்கெடுத்தாலென்ன?

பெற்றோர்களே! மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு நேரம் கொடுத்துப் பாருங்கள். பிறகு தலையெழுத்து என்ன செய்கிறதென்று பார்ப்போம்!