ஏடும் ஏரும்: செயின்ட் ஹெலினா தீவில் ஒரு பள்ளி



அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலக் கடலோரத்தில், உப்பங்கழிகளும் சதுப்புப் புல்வெளிகளும் சூழ்ந்து கிடக்கிறது செயின்ட் ஹெலினா தீவு. நெப்போலியனைச் சிறை வைத்த தீவுக்கும் இதே பெயர்தான். அது வேறு, இது வேறு. இந்தத் தீவில் நடந்த பென் பள்ளியையும் அதை நடத்தியவர்களையும் பற்றியதுதான் இன்றைய உரை. கிராமத்துப் பிள்ளைக்கு ஏட்டுப் படிப்பா, கைத்தொழிலா என்று அந்தப் பள்ளி எண்பது ஆண்டுகளுக்கு மேல் மாற்றி மாற்றி விடை சொல்லிக்கொண்டிருந்தது.

1861 நவம்பர் 7 அன்று வடமாநிலக் கடற்படை தீவை அடுத்த போர்ட் ராயல் துறையைப் பீரங்கியால் தாக்கிப் பிடித்தது. உள்நாட்டுப் போர் தொடங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை. பருத்திப் பண்ணைகளின் வெள்ளை முதலாளிகள் கிடைத்த படகில் ஏறி ஓடிவிட்டார்கள். அடிமைகளாக இருந்த சுமார் 10,000 கறுப்பு மக்கள் செயின்ட் ஹெலினாவிலும் சுற்றுத் தீவுகளிலுமே தங்கினார்கள். முதலாளி போய்விட்டான், ஆனால் விடுதலை இன்னும் சட்டமாகவில்லை. அந்த இடைக்காலத்தில் அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானவை இரண்டு: நிலம், எழுத்து. எழுத்துக் கேட்டதில் வியப்பில்லை. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதே அந்த மாநிலத்தில் குற்றமாக இருந்தது.

பிலடெல்பியாவிலிருந்து 1862 ஏப்ரலில் லாரா டவுன் என்ற பெண் வந்து சேர்ந்தார். ஹோமியோபதி மருத்துவம் படித்தவர், அடிமை முறையை எதிர்த்த இயக்கத்தில் இருந்தவர். ஜூனில் அவருடைய தோழி எல்லன் மர்ரி வந்தார். ஜூன் 18 அன்று ஓக்ஸ் என்ற பண்ணை வீட்டின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேரும் பெரியவர்கள். சில மாதங்களில் இடம் போதவில்லை. பள்ளியைத் தீவின் செங்கல் தேவாலயத்துக்கு மாற்றினார்கள். 1855-இல் அதைக் கட்டியவர்கள் அடிமைகள்தான். வழிபாட்டின்போது அவர்களை மாடத்தில் உட்காரவைத்து, கீழே முதலாளிகள் உட்கார்ந்தார்கள். இப்போது அதே மக்களின் பிள்ளைகள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அகரவரிசை படித்தார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் ஷார்லட் ஃபோர்டன் ஆசிரியராக வந்தார். பிலடெல்பியாவில் சுதந்திரமாகப் பிறந்து வளர்ந்த கறுப்புப் பெண். தீவு வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் 1864-இல் அட்லாண்டிக் மாத இதழில் வந்தன. உடல்நலம் குன்றியதால் அவர் இரண்டு ஆண்டுக்குள் ஊர் திரும்பிவிட்டார். ஆனாலும் அந்தத் தொடக்க நாள்களை நமக்குக் கண்முன் நிறுத்துவது அவர் எழுத்துதான்.

1864-இல் பிலடெல்பியாவிலிருந்து பள்ளிக் கட்டடமே பகுதி பகுதியாகக் கப்பலில் வந்தது. இங்கே கொண்டுவந்து பூட்டி நிறுத்தினார்கள். அனுப்பிய பென்சில்வேனியா அன்பர்களை நினைத்துப் பென் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். இதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியது கட்டடம் நின்ற நிலத்தைப் பற்றி. அது ஹேஸ்டிங்ஸ் கான்ட் என்ற முன்னாள் அடிமையின் கையிலிருந்து வந்த நிலம். பின்னாளில் அவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். போர்க்காலத்தில் முதலாளிகள் வரி கட்டாததால் அரசு எடுத்த பண்ணைகள் ஏலத்துக்கும் விற்பனைக்கும் வந்தன. விடுதலையான குடும்பங்கள் காசு சேர்த்துப் பத்துப் பத்து ஏக்கராக வாங்கின. தெற்கில் மற்ற இடங்களில் விடுதலையானவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த காலத்தில், செயின்ட் ஹெலினாவில் சொந்த நிலத்தில் உழுதார்கள். இதை மறந்தால் இந்தப் பள்ளியின் கதை விளங்காது.

லாரா டவுனின் பாடத்திட்டம் முழுக்க ஏடு. வாசிப்பு, எழுத்து, கணக்கு, புவியியல், வரலாறு என்று வடமாநிலப் பள்ளியில் எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ அதையே இங்கும் சொல்லிக்கொடுத்தார். மூத்த மாணவர்களுக்கு ஆசிரியப் பயிற்சியும் தந்தார். சுற்றுத் தீவுகளின் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் இங்கிருந்து போனார்கள். நேற்று வரை அடிமையாக இருந்தவன் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டவர்களுக்கு அவர் பிடிகொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. பாஸ்டன் பிள்ளைக்கு ஒரு படிப்பு, செயின்ட் ஹெலினா பிள்ளைக்கு ஒரு படிப்பு என்று அவர் பிரிக்கவில்லை.

1893 ஆகஸ்டில் பெரும்புயல் வந்து இந்தத் தீவுகளில் சுமார் 2,000 பேரைக் கொன்றது. கிளாரா பார்ட்டன் தலைமையில் செஞ்சிலுவைச் சங்கம் வந்து மாதக்கணக்கில் தங்கி உணவும் விதையும் கொடுத்தது. லாரா டவுன் அப்போதும் பள்ளியை விடவில்லை. 1901-இல் அவர் இறந்தபோது, கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் உடலைப் படகுத்துறைக்குக் கொண்டுபோனார்கள். நூற்றுக்கணக்கான தீவு மக்கள் தங்கள் பக்திப் பாடல்களைப் பாடியபடி பின்னால் நடந்தார்கள்.

அதே 1901-இல் பள்ளிக்குப் புதுப் பெயர் வந்தது: பென் ஆசிரியப் பயிற்சி, தொழில், வேளாண் பள்ளி. பெயரிலேயே திசை மாறிவிட்டது. காரணம் தீவுக்கு வெளியே இருந்தது. 1895-இல் தென் கரோலைனா புது அரசியல் சட்டம் இயற்றிக் கறுப்பு மக்களின் வாக்குரிமையைப் பெரும்பாலும் பறித்துவிட்டது. அருகிலுள்ள பியூஃபர்ட் நகரத்து ராபர்ட் ஸ்மால்ஸ் சட்டம் இயற்றிய அவையிலேயே நின்று எதிர்த்துப் பேசினார். போர்க்காலத்தில் எதிரிக் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பி, பிறகு நாடாளுமன்றம் வரை போனவர் அவர். பயன் இல்லை. அதே ஆண்டு அட்லாண்டாவில் கறுப்புக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டன், முதலில் தொழில் கற்போம், உரிமை பிறகு வரும் என்ற பொருளில் பேசினார். வடக்கத்திக் கொடையாளர்களுக்கு அது பிடித்தது. தெற்கத்தி வெள்ளையர்களும் தொழிற்கல்வியைச் சகித்துக்கொண்டார்கள். வாஷிங்டன் படித்த ஹாம்ப்டன் நிறுவனம்தான் எல்லாருக்கும் முன்மாதிரி. அதன் தலைவர் ஹாலிஸ் ஃப்ரிஸல் பென் பள்ளியின் அறங்காவலர் குழுவுக்கும் தலைவரானார்.

1904-இல் ஹாம்ப்டனிலிருந்தே ரோஸா கூலி தலைமையாசிரியராக வந்தார். அடுத்த ஆண்டு கிரேஸ் ஹவுஸ் துணைக்கு வந்தார். இருவரும் வெள்ளையர். நாற்பது ஆண்டு இருவருமாகப் பள்ளியை நடத்தினார்கள்.

பள்ளி தலைகீழாக மாறியது. தச்சுப் பட்டறை, கொல்லுப் பட்டறை, வண்டிச் சக்கரம் செய்யும் இடம், செருப்பும் சேணமும் தைக்கும் இடம் எல்லாம் எழுந்தன. பெண்பிள்ளைகளுக்குச் சமையலும் தையலும் சலவையும். வளாகத்துக் கட்டடங்கள் பலவற்றை மாணவர்களே எழுப்பினார்கள். தீவின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கூடைத் தொழிலும் பாடமானது. சதுப்பில் வளரும் கோரையைச் சுருட்டி வட்டம் வட்டமாக அடுக்கி, பால்மெட்டோ பனையின் ஓலைக்கீற்றால் தைத்து இறுக்குவது அதன் முறை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பலோடு வந்த கைவேலை அது. அதைக் கற்றுக்கொடுக்க ஆல்ஃபிரட் கிரகாம் என்ற தீவுக்காரரையே அமர்த்தினார்கள். என் கணக்கில் அந்தப் பள்ளி செய்த நல்ல காரியங்களில் இது முன்வரிசை. மற்றத் தொழில்கள் வெளியிலிருந்து தீவுக்கு வந்தவை. இது ஒன்றுதான் தீவிலிருந்து பள்ளிக்குள் போனது.

கூலியின் பெரிய யோசனை ஏக்கர். மாணவன் தன் வீட்டு நிலத்தில் பயிர் வைக்க வேண்டும், அதையும் பள்ளி வேலையாகக் கணக்கிடுவார்கள். நடவுக்கும் அறுவடைக்கும் பிள்ளைகள் காணாமற்போவது ஊர்ப் பள்ளிகளின் தீராத தலைவலி. அவர் பள்ளி ஆண்டையே பயிர்க்காலத்துக்கு ஏற்றபடி மாற்றி, ஆண்டு முழுவதும் பள்ளி என்றார். வயலில் இருக்கும் பிள்ளையைத் தேடி ஆசிரியர் போனார். ஹாம்ப்டனில் படித்த ஜோஷுவா பிளான்டன் வயல் வயலாகச் சுற்றி உழவர்களோடு வேலை பார்த்தார். கறுப்பர். கூட்டத்தைப் பாடவைப்பதில் பேர் பெற்றவர். 1922-இல் அவர் வூர்ஹீஸ் பள்ளிக்குத் தலைவராகப் போய்விட்டார். மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, உழவர் கூட்டுறவு, குறைந்த வட்டிக் கடன் என்று பள்ளியின் கை ஊர் முழுக்க நீண்டது. இத்தனையையும் கூலி இரண்டு புத்தகங்களாக எழுதினார். வெளிநாட்டுக் கல்வியாளர்கள் பலர் படகேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் இந்தத் திட்டத்துக்கு அடியில் ஓர் ஊகம் இருந்தது: தீவுப் பிள்ளை தீவிலேயே உழவனாக வாழப் போகிறான். அவனைக் கேட்டு எடுத்த முடிவு அல்ல அது. 1903-லேயே கறுப்பு அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், ஒரு மக்களின் பிள்ளைகள் எல்லாருக்கும் கைத்தொழிலே போதும் என்று முடிவுகட்டும் உரிமை யாருக்கு என்று வாஷிங்டன் பாதையை எதிர்த்தார். தீவில் அந்த வாதத்தை நடத்தியது ஒரு பூச்சி. முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் காய்க் கூன்வண்டு வந்து, நீள இழைக்குப் பேர்போன கடல்தீவுப் பருத்தியை அழித்தது. பணப்பயிர் போயிற்று. 1927-இல் பாலம் வந்தது, தீவு வெளியுலகோடு சேர்ந்தது. இளைஞர்கள் சவானாவுக்கும் நியூயார்க்குக்கும் கிளம்பினார்கள். சக்கரம் செய்யக் கற்றவன் ஊருக்குத் திரும்பியபோது மோட்டார் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளிக் கதையில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. தீவு மக்களின் பேச்சு கல்லா எனப்படும் மொழி. வகுப்பறைக்கு அது கொச்சை, திருத்த வேண்டிய பேச்சு. 1930களில் லொரன்சோ டர்னர் என்ற கறுப்பு மொழியியலாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு இந்தக் கடலோரத் தீவுகளுக்கு வந்து பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்தார். 1949-இல் வந்த அவருடைய நூல், இந்தப் பேச்சில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கப் பெயர்களும் சொற்களும் வாழ்வதைக் காட்டியது. அதன்பின் கொச்சை என்று சொன்னவர்களின் குரல் இறங்கியது.

கூலியும் ஹவுஸும் 1944-இல் ஓய்வு பெற்றார்கள். அவர்கள் இடத்துக்குக் குத்தகை உழவர்களுக்காகப் போராடிய ஹோவர்ட் கெஸ்டர் வந்தார். கையில் பணம் இல்லை. 1948-இல் பிள்ளைகளின் படிப்பை மாவட்டப் பள்ளி நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. பள்ளி சமூக மையமானது.

1950 முதல் அதை நடத்தியவர் கோர்ட்னி சிசலாஃப், குவேக்கர் சமயத்தவர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் இராத்தங்க முடிந்த இடங்கள் அப்போது தெற்கில் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. அதனால்தான் மார்ட்டின் லூதர் கிங் 1960களில் தம் இயக்கத் தோழர்களோடு பலமுறை இங்கே வந்து கூடித் திட்டம் தீட்டினார். கொல்லுப் பட்டறைக்காகத் திரட்டிய நன்கொடைகளின் நிழலில் வாக்குரிமைப் பேச்சு நடந்ததை அந்தக் கொடையாளர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1980-இல் எமரி கேம்ப்பெல் தலைமைக்கு வந்தார். பக்கத்து ஹில்டன் ஹெட் தீவில் கல்லாக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே 1956-இல் பாலம் வந்ததும் கோல்ஃப் மைதானங்களும் வேலியிட்ட குடியிருப்புகளும் பெருகி, கறுப்புக் குடும்பங்களின் நிலம் கைமாறியதைக் கண்ணால் பார்த்தவர். முன்னோர் உயில் எழுதாமல் இறந்ததால் ஒரே நிலத்துக்குப் பத்து இருபது வாரிசுகள் இருப்பார்கள். ஒரே ஒருவரின் பங்கை வாங்கிக்கொண்டு, நீதிமன்றம் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவரலாம். கேம்ப்பெல் காலத்தில் பென் மையம் இந்தச் சட்டச் சிக்கலை ஊருக்கு விளக்குவதை முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டது. பட்டா, உயில், வரி ரசீது ஆகியவையே புதிய பாடங்கள். கல்லா மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும் பணியிலும் அவர் பங்கெடுத்தார். அது 2005-இல் வெளிவந்தது.

1999-இல் மாவட்ட நிர்வாகம் செயின்ட் ஹெலினாவில் கோல்ஃப் மைதானமும் வேலியிட்ட குடியிருப்பும் கூடாது என்று விதி எழுதியது. 2017-இல் பள்ளியின் டாரா மண்டபமும் செங்கல் தேவாலயமும் விடுதலைக்குப் பிந்திய மறுசீரமைப்புக் காலத்துக்கான தேசிய நினைவிடத்தில் சேர்ந்தன. 2023-இல் கோல்ஃப் மைதானம் கேட்டு ஒரு நிறுவனம் வந்தபோது, விதியைத் தளர்த்தக் கூடாது என்று தீவு மக்கள் மாவட்ட அவைக் கூட்டங்களுக்குத் திரண்டு போனார்கள். அவை விதியை நிலைநிறுத்தியது.